கெப்சூல் பொருந்துவது என்றால் என்ன? நாணயம் சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு விளக்கம்

"நல்ல காசு, ஒரு கெப்சூலில் போட்டு வையுங்கள்." கொழும்பில் நாணயம் சேர்ப்பவர்கள் புதியவருக்குச் சொல்லும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான். அறிவுரையில் பிழையில்லை. ஆனால் எந்த அளவுக் கெப்சூல் என்று கேட்டால், "கொஞ்சம் பெரிதாக வாங்குங்கள், பிரச்சினை வராது" என்பார்கள். மூடிவிட்டால் காற்றுப் புகாது, பிறகு பயமில்லை என்பதும் கூடவே வரும். இரண்டும் தவறு. முதலாவதை நம்பினால் காசு அடிபடும். இரண்டாவதை நம்பினால் காசைத் திரும்பிப் பார்க்காமலே இருந்துவிடுவோம், அதற்குள் அது கறுத்துவிடும்.

கெப்சூல் என்பது இரண்டு பாதிகளாக வந்து ஒன்றுக்குள் ஒன்று அழுந்தி மூடும் வட்டமான தெளிந்த பிளாஸ்டிக் கூடு. விலை அதிகமில்லை. அதற்குள் போகும் காசின் பெறுமதியோ பல மடங்கு இருக்கலாம். அதனால் அளவு பார்ப்பதில் செலவாகும் பத்து நிமிடத்தை வீணென்று நினைக்க வேண்டாம்.

கூடு செய்யும் வேலை

பெரிய சப்பாத்தைப் போட்டு நடந்தால் குதிக்கால் கொப்புளிக்கும். சப்பாத்து காலை அழுத்தியதால் வந்த கொப்புளமில்லை அது. உள்ளே கால் அசைந்து அசைந்து உராய்ந்ததால் வந்தது. கெப்சூலிலும் கேடு செய்வது இந்த அசைவுதான்.

தளர்வான கூட்டைக் கையில் எடுக்கும்போதும், அலுமாரி லாச்சியை இழுக்கும்போதும், முச்சக்கரவண்டியில் கொண்டுபோகும்போதும் காசு உள்ளே ஓடிச் சுவரில் மோதும். ஒரு மோதலில் ஒன்றும் தெரியாது. வருடக்கணக்கில் மோதினால் காசின் சுற்றிலும் சிறு பள்ளங்கள் விழும். தூய வெள்ளி மென்மையானது. 99.9 வீத வெள்ளியில் செய்த நவீன காசுகளில் இந்தப் பள்ளம் எளிதாக விழும்.

இரண்டு சொற்களை இங்கேயே பிரித்து வைத்துக்கொள்வோம். காசின் முகத்தைச் சுற்றி வரம்புபோல் எழும்பி நிற்கும் பகுதி விளிம்பு. காசை நிமிர்த்தி வைத்தால் நிலத்தில் படும் பக்கவாட்டுப் பகுதி ஓரம். விளிம்பு பொதுவாக உருவத்தைவிடச் சற்று உயரமாக இருக்கும். காசு தட்டையாகக் கிடக்கும்போது பிளாஸ்டிக்கில் படுவது விளிம்புதான், உருவம் படாது. நல்ல கூடு காசை இந்த நிலையிலேயே வைத்திருக்கும். தளர்ந்த கூட்டில் காசு சரியும், உருவத்தின் உயர்ந்த இடங்களும் மூடியில் தேயலாம். கண்ணாடிபோல் மினுக்கிய தளமுள்ள புரூஃப் நாணயங்களில் இப்படி விழும் மயிர்க்கோடுகள் விளக்கைச் சரித்துப் பிடித்தால் உடனே தெரியும். அவற்றை அழிக்க வழியில்லை. மினுக்கப் போனால் கேடு கூடும்.

ஆகவே கூடு செய்யும் வேலை காசை அசையாமல் வைத்திருப்பதும், கைரேகை படாமல் காப்பதும். பொருத்தம் இல்லாவிட்டால் இதில் பாதி வேலை நடக்காது.

எண் எதைச் சொல்கிறது

பெட்டியில் 39, 41 என்று இருக்கும் எண், மில்லிமீற்றரில் கூட்டின் உள்விட்டம். வெளிவிட்டம் அதைவிடச் சில மில்லிமீற்றர் கூடும். வெளியே அளந்துவிட்டு "எண் பிழை" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

காசின் விட்டத்துக்கும் கூட்டின் உள்விட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை இடைவெளி என்போம். 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இடைவெளி இருந்தால் மிக நன்று. 0.5 வரை பொறுக்கலாம், அடிக்கடி கையில் எடுக்காத காசென்றால். 1 மி.மீ.க்கு மேல் போனால் அந்தக் கூடு அந்தக் காசுக்குரியதல்ல. அமெரிக்காவின் ‘வெள்ளிக் கழுகு’ நாணயம் 40.6 மி.மீ.; 41 எண் கூட்டில் 0.4 இடைவெளி. பிரிட்டானியா வெள்ளி நாணயம் 38.61 மி.மீ.; 39 எண் கூட்டில் ஏறக்குறைய அதே இடைவெளி. இரண்டும் நடைமுறையில் நன்றாகவே இருக்கின்றன.

தங்கப் பவுண் காசு கொஞ்சம் சிக்கலானது. அதன் விட்டம் 22.05 மி.மீ. கூடு உண்மையாகவே 22.00 என்றால் உள்ளே போகாது. 23 எண் கூட்டில் போட்டால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் இடைவெளி விழுந்து கிலுகிலுக்கும். எண் 22 என்று போட்டிருந்தாலும் அச்சில் ஒரு மயிரளவு கூட்டி வார்த்த கூடுகளும் உண்டு, அரை மி.மீ. படியில் வரும் கூடுகளும் உண்டு. எண்ணை நம்பிப் பத்துக் கூடு வாங்காமல், ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

இறுக்கமும் ஆபத்துத்தான். காசு தன் பாரத்திலேயே கூட்டுக்குள் இறங்க வேண்டும். பெருவிரலால் அழுத்தித்தான் போகிறதென்றால் விட்டுவிடுங்கள். வெப்பநிலை குறையும்போது அக்ரிலிக் பிளாஸ்டிக் உலோகத்தைவிடக் கூடுதலாகச் சுருங்கும். வெளியே 32 பாகை, ஏசி அறையில் 22 பாகை என்று வைத்துக்கொண்டால், 40 மி.மீ. அகலக் கூடு ஏறக்குறைய 0.03 மி.மீ. சுருங்கும். வெள்ளிக் காசு சுருங்குவது 0.01 மி.மீ.க்கும் குறைவு. சின்ன அளவுதான். ஆனால் இடைவெளியே இல்லாமல் அழுத்திப் போட்ட காசை இறுகப் பிடித்துக்கொள்ள இது போதும். பிறகு திறக்கும்போது கூடு வெடிக்கும், அல்லது காசு தெறித்து விழும்.

அளப்பது

இணையத்திலோ பட்டியலிலோ உள்ள விட்டத்தை எடுத்துக்கொள்வதில் தவறில்லை, புதுக் காசென்றால். புழங்கித் தேய்ந்த காசை நேரே அளந்தே ஆக வேண்டும். பிரித்தானிய இந்தியாவின் வெள்ளி ரூபாய் இங்கே பல வீடுகளில் பாட்டி காலத்துப் பெட்டியில் இருக்கிறது. ஒரே வருடத்து இரண்டு ரூபாய்களை அருகருகே வைத்தால்கூட விட்டம் சற்று வேறுபடும். பெரும்பாலும் 30.5 மி.மீ.க்கும் 31 மி.மீ.க்கும் இடையில் நிற்கும்.

பாடசாலை ஆய்வுகூடத்தில் பாவித்த வேணியர் இடுக்கிமானி நினைவிருக்கும். அதேதான் வேண்டும். உருக்குத் தாடையுள்ளது ஓரத்தில் கீறு போடும், அதனால் பிளாஸ்டிக் தாடையுள்ள டிஜிட்டல் வேணியர் நல்லது. மேசையில் ஒரு துவாயை மடித்து விரித்து, அதற்கு மேலே வைத்து அளவுங்கள். தவறினாலும் காசு துணியில் விழும். ஓரத்தில் மட்டும் பிடியுங்கள், முகத்தில் விரல் படக்கூடாது. தாடையை இறுக்காமல் தொட்டும் தொடாமலும் கொண்டுவந்து, காசைத் திருப்பித் திருப்பி மூன்று இடத்தில் பாருங்கள். மூன்றில் பெரியதே உங்கள் அளவு. சராசரி எடுக்க வேண்டாம், கூட்டில் சிக்குவது அகலமான இடம்தான்.

வேணியர் இல்லையென்றால், இரண்டு செங்கோணப் பெட்டிகளை அடிமட்டத்தோடு ஒட்டி வைத்து நடுவில் காசை நிறுத்தலாம். அரை மில்லிமீற்றர் வரை சரியாகச் சொல்லும். எந்தக் கூட்டை முதலில் வாங்கிப் பார்ப்பது என்று முடிவெடுக்க அது போதும்.

மறந்துபோகும் அளவு: தடிப்பு

விட்டம் சரியாக இருந்தும் கூடு பொருந்தாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் தடிப்புத்தான். கூட்டுக்கு உள் உயரம் என்று ஒன்று உண்டு, பெட்டியில் அதைப் போடுவது அரிது. காசு அதைவிடத் தடிப்பாக இருந்தால் மூடி முழுதாக இறங்காது. இறங்கியதுபோல் தெரிந்து, இரவில் ‘டக்’ என்று தானே திறந்துகொள்ளும். மெல்லிய காசை ஆழமான கூட்டில் போட்டால் மேலும் கீழும் ஆடும்.

பவுண் காசின் தடிப்பு 1.5 மி.மீ. அளவு, வெள்ளிக் கழுகு 3 மி.மீ.க்குச் சற்றே குறைவு. இரட்டிப்பு வித்தியாசம். புத்த ஜயந்திக்காக 1957இல் வெளிவந்த இலங்கையின் 5 ரூபாய் வெள்ளிக் காசு 28.28 கிராம் எடையுள்ள பெருங்காசு. அதற்குப் பெரிய வெள்ளி நாணயங்களுக்கென்று வார்த்த ஆழமான கூடுதான் சரிவரும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் இங்கே அடித்த யானைச் செப்புக் காசுகள் இதற்கும் அப்பாற்பட்டவை. விட்டத்தோடு பார்க்கையில் அவற்றின் தடிப்பு அவ்வளவு அதிகம். அவற்றைச் சாதாரணக் கூட்டில் திணிக்கக் கூடாது.

மூடியபின் பக்கவாட்டிலிருந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரு பாதிகளும் சந்திக்கும் கோடு சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அகன்றிருந்தால் மூடி காசில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். உருவம் விளிம்பைவிட உயர்ந்து நிற்கும் சில நினைவுக் காசுகளில் இது காசின் முகத்தையே அழுத்தும்.

இதுவரை பார்த்ததில் இரண்டு அளவுகளைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்: காசின் மிகப் பெரிய விட்டம், விளிம்பில் அதன் தடிப்பு. கூடு இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

வட்டமில்லாத காசுகள்

இலங்கைக் காசு சேர்ப்பவருக்கு இந்தப் பகுதி தவிர்க்க முடியாதது. பழைய 5 சதம் மூலை மழுங்கிய சதுரம். பழைய 2 சதமும் 10 சதமும் பூவிதழ்போல் வளைந்த ஓரம் கொண்டவை. இப்போதைய 10 ரூபாயில் பதினொரு பக்கமுள்ளது உண்டு. மத்திய வங்கியின் 70ஆவது ஆண்டு நிறைவுக்கு வந்த 20 ரூபாய் ஏழு பக்கம். இலண்டனிலுள்ள உறவினர்கள் அனுப்பும் 50 பென்ஸ் நினைவுக் காசுகளும் ஏழு பக்கம்.

பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றையாக இருந்தால் வேணியர் உங்களை ஏமாற்றும். ஒரு மூலைக்கு நேர் எதிரே இன்னொரு மூலை இருக்காது, பக்கம்தான் இருக்கும். அதனால் தாடைக்குள் எப்படித் திருப்பினாலும் எல்லா மூலைகளையும் அடக்கும் வட்டத்தின் விட்டம் கிடைக்காது, அதைவிடக் குறைவாகவே காட்டும். 50 பென்ஸ் வேணியரில் எப்பக்கமும் 27.3 மி.மீ. காட்டும். மூலைகளைத் தொடும் வட்டமோ சுமார் 28 மி.மீ. 27.5 எண் கூட்டை வாங்கினால் போகாது. "அளந்துதானே வாங்கினேன்" என்று தலையைச் சொறிய வைப்பது இந்த 0.7 மி.மீ.தான். 1997க்கு முன்பு புழங்கிய பெரிய 50 பென்ஸ் 30 மி.மீ. காட்டும், அதற்கு ஏறக்குறைய 31 எண் கூடு வேண்டும்.

கணக்கு எளிது. ஏழு பக்கக் காசென்றால் வேணியர் காட்டும் மிகப் பெரிய அளவை 1.026ஆல் பெருக்குங்கள். பதினொரு பக்கமென்றால் 1.01ஆல். பெருக்க விருப்பமில்லாதவர்கள் கவராயத்தால் கடுதாசியில் அரை மில்லிமீற்றர் விட்ட வித்தியாசத்தில் நாலைந்து வட்டம் கீறிக் காசை நடுவில் வைக்கலாம். எல்லா மூலைகளையும் அடக்கும் மிகச் சிறிய வட்டம் எதுவோ அதுதான் உங்கள் விட்டம். மூலைகள் சற்று மழுங்கியிருப்பதால் உண்மைக் காசு கணக்கைவிட ஒரு சொட்டுக் குறைவாகவே இருக்கும். சதுரத்துக்கு மூலைவிட்டத்தை அளந்தால் முடிந்தது.

ஆனால் அளவு சரிவந்தாலும் சதுரக் காசை வட்டக் கூட்டில் நேரடியாகப் போடுவதை நாம் விரும்புவதில்லை. நான்கு மூலைகள் மட்டுமே சுவரைத் தொடும். எல்லா உராய்வும் அந்த நான்கு புள்ளிகளில் விழும். இவற்றுக்கு நுரை வெட்டு வைத்த சதுரக் கூடு நல்லது.

கையால் அடித்த பழங்காசுகளுக்கும் இதே முடிவுதான். ஆரியச் சக்கரவர்த்திகளின் ‘சேது’ எழுத்துப் பொறித்த காசுகளோ பொலன்னறுவைக் காலத்துச் செப்புக் காசுகளோ ஒன்றுபோல் ஒன்று இருக்காது. பச்சைப் பூச்சு உதிரும் நிலையிலும் இருக்கலாம். அவற்றை எந்த எண்ணிலும் அடக்க முயலாதீர்கள். காசின் உருவத்துக்கே வெட்டிய நுரையில் கிடத்துங்கள்.

நுரை வளையம் வைத்த கூடு

பெரிய கூட்டுக்குள் ஒரு நுரை வளையம், அதன் நடு ஓட்டையில் காசு. ஒரே வெளியளவில் பல அளவுக் காசுகளை அடுக்க இது வசதி. வளையம் காசை மெதுவாகப் பிடித்துக்கொள்வதால் கிலுங்காது. ஓரத்து எழுத்தும் கோடும் மறைந்துவிடும் என்பது இதிலுள்ள குறை.

வளையம் எதனால் ஆனது என்று கேட்டு வாங்குங்கள். பொலித்தீன் நுரை பாதுகாப்பானது. இறப்பர் வளையத்தில் கந்தகம் இருக்கும், அது வெள்ளியைக் கறுக்க வைக்கும். பொலியூரித்தேன் நுரை நம் சூட்டிலும் ஈரத்திலும் சில வருடங்களில் பொடிந்து பசையாகிக் காசில் ஒட்டும்.

எந்தப் பிளாஸ்டிக்

அக்ரிலிக், பொலிஸ்டைரீன் இரண்டும் காசுக்குத் தீங்கு செய்யாதவை. அக்ரிலிக் தெளிவாகவும் உறுதியாகவும் இருக்கும். பொலிஸ்டைரீன் மலிவு, எளிதில் வெடிக்கும். அலுமாரியில் பூச்சி உருண்டை போடும் பழக்கம் இருந்தால் காசுகளை அங்கே வைக்க வேண்டாம். அதன் ஆவி பொலிஸ்டைரீனை இளக்கக்கூடும்.

தவிர்க்க வேண்டியது பி.வி.சி. கடினமான கெப்சூல்களில் இது குறைவு. மென்மையாக வளையும் மலிவு உறைகளிலும் அல்பப் பைகளிலும் உண்டு. காலப்போக்கில் இதிலிருந்து அமிலம் வெளியேறும், செம்பு கலந்த காசில் பச்சைப் பிசுபிசுப்பாகப் படியும். அப்படிப்பட்ட உறையில் இருந்த காசை நேரே நல்ல கெப்சூலுக்கு மாற்றினால், பிசுபிசுப்பையும் சேர்த்துப் பூட்டி வைத்ததாகிவிடும். முதலில் அசற்றோன் என்ற கரைப்பானில், கலப்பில்லாத சுத்தமானதில், அமிழ்த்தி எடுங்கள், தேய்க்காமல். நெருப்பில்லாத, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். நகப்பூச்சு நீக்கியில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது கூடாது. காசு முற்றாகக் காய்ந்தபின்தான் கூட்டுக்குள் போக வேண்டும். அசற்றோன் அக்ரிலிக்கையும் பொலிஸ்டைரீனையும் கரைத்து மங்கவைக்கும். அதே காரணத்தால் கூட்டை ஒருபோதும் அசற்றோனால் துடைக்கக் கூடாது.

கொழும்பின் ஈரமும் மூடும் நேரமும்

அழுத்தி மூடும் கூடு எதுவும் காற்றுப் புகாதது அல்ல. இரு பாதிகளும் சந்திக்கும் கோட்டின் வழியே நீராவியும் வாயுவும் மெல்ல மெல்ல உள்ளே போய்வரும். வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால். கூடு அதைத் தாமதிக்கும், தடுக்காது. வெள்ளவத்தைபோல் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக் காற்றும் சேரும், செப்புக் காசுகளுக்கு அது நல்லதல்ல.

மூடும் நேரத்தையும் பார்க்க வேண்டும். 30 பாகையும் 80 வீத ஈரப்பதனும் உள்ள பிற்பகல் காற்றின் பனிபடுநிலை, அதாவது அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 26 பாகை. அந்தக் காற்றோடு மூடிய கூட்டை 22 பாகை ஏசி அறைக்குக் கொண்டுபோனால் உள்ளே நுண்ணிய பனி படியும். அளவு மிகச் சிறிது. ஆனால் விரல் பட்ட இடத்து உப்பைக் கரைத்துப் புள்ளி விழச் செய்ய அது போதும். அதனால் காசையும் திறந்த கூட்டையும் ஒரு மணி நேரம் ஏசி அறையில் வைத்துவிட்டு, அங்கேயே மூடுங்கள்.

மூடுமுன் தூசியைக் கையால் அமுக்கும் காற்றுப் பந்தால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். இன்று அது தெரியாது, சில மாதங்களில் கறுப்புப் புள்ளியாக எழும்பும். கூட்டைத் துணியால் தேய்த்தால் மின்னேற்றம் பெற்று இன்னும் தூசியை இழுக்கும். கீழ்ப்பாதியை மேசையில் வைத்துக் காசை ஓரத்தில் பிடித்து இறக்கி, மூடியை வைத்து, எதிரெதிர் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். பிறகு காதருகே மெதுவாகச் சரித்துப் பாருங்கள். காசு வழுக்கிச் சற்றுச் சுழன்றால் பரவாயில்லை. ‘டிக் டிக்’ என்று தட்டினால் அந்தக் கூட்டை வேறு காசுக்கு எடுத்து வையுங்கள்.

மூடிய கூடுகளை இறுக்கமான மூடியுள்ள ஒரு பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். ஈரத்தை உண்மையில் பிடிப்பது அந்தப் பெட்டிதான். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் எப்போது காய வைப்பது என்று தெரியும். துணிப்பையிலோ கடுதாசிப் பையிலோ இருந்தால் மணிகளை வெளியே கொட்டி, ஏறக்குறைய 120 பாகையில் ஓரிரு மணி நேரம் அவணில் காய வைத்தால் மறுபடி பாவிக்கலாம். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கூட்டையும் வெளிச்சத்தில் பாருங்கள். காசை வெளியே எடுக்க வேண்டியதில்லை.

எடுக்கத்தான் வேண்டுமென்றால் கத்தி முனையை மூட்டுக்குள் விடாதீர்கள். வழுக்கினால் முதலில் கீறுவது காசைத்தான். துவாய்க்கு மேலே தாழ்வாகப் பிடித்து, இரு பெருவிரல் நகங்களாலும் கோட்டைச் சுற்றிச் சிறிது சிறிதாக விலக்குங்கள். அசையாத கூட்டைக் கொஞ்ச நேரம் உள்ளங்கைச் சூட்டில் வைத்திருந்தால் பிளாஸ்டிக் சற்று விரிந்து இளகும்.